பக்கத்து வீட்டுத் தரை

எங்கள் அச்சகத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். கீழே அச்சகம், மாடியில் நாங்கள். ஏழு வருடத்துக்கு முன் சிவகாசியில் இந்த இடத்தை வாங்கியபோது அந்தப் பொதுச்சுவரை நானோ என் கணவரோ ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. அச்சகம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு ஆப்செட் மெஷின், ஒரு கட்டிங் மெஷின், ஐந்து ஆட்கள். கல்யாணப் பத்திரிகை, தினக்காலண்டர் அட்டை, பட்டாசுப் பெட்டிக்கான அட்டை, இவைதான் எங்கள் பிழைப்பு.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா தனியாக இருந்தார். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகளை ஆமத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார். அவருக்கு வேலை நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில். காலை ஆறரைக்குத் தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நிற்கும். தூக்குவாளியோடு ஏறிப் போவார். சாயங்காலம் நாலு, நாலரைக்குத் திரும்பி வருவார்.

முதல் நாலு வருடம் எங்களுக்குள் சண்டையும் இல்லை, பழக்கமும் இல்லை. மாடியில் துணி காயப்போடும்போது அவர் கிளம்புவதைப் பார்த்தால், “என்ன, வேலைக்குக் கிளம்பியாச்சா?” என்று குரல் கொடுப்பேன். பதில் வராது. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நாலைந்து தடவைக்கு மேல் நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத அளவுக்கு இவருக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம். தெருவில் வேறு யாராவது அப்படிப் போயிருந்தால் ஏதோ யோசனையில் போகிறார் என்று விட்டிருப்பேன். ஒரு பட்டாசுக் கம்பெனித் தொழிலாளி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஆனி மாதம், டை பஞ்சிங் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டோம். அச்சடித்த அட்டையைப் பெட்டி வடிவத்துக்கு வெட்டித் தருகிற மெஷின் அது. பெரிய வாய் மாதிரி திறந்து மூடும். மூடும்போது ‘திம்’ என்று ஒரு அடி விழும். பொதுச்சுவரை ஒட்டித்தான் இடம் இருந்தது. அங்கேயே தரையில் போல்ட் போட்டு இறுக்கினோம். காலையில் அச்சடித்த அட்டை மை காய்ந்து வருவதற்கு மூன்று, நாலு மணி ஆகிவிடும். அதனால் பஞ்சிங் வேலை சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கி ஏழு வரை நடக்கும். சீசன் நேரத்தில் ஒரு நாள்கூட நிற்காது.

மெஷின் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் அந்த அம்மா எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

“அம்மா, ஒங்க மெஷினால என்னால இருக்க முடியல. என்னன்னு பாருங்க.”

அவர் சொன்ன வார்த்தையில் தப்பு ஒன்றும் இல்லை. சொன்ன குரல்தான் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வந்ததும் வராததுமாக இப்படிக் கத்துகிறாரே என்று எனக்கு முகம் சுருங்கிவிட்டது. “சத்தத்தைக் குறைக்கச் சொல்றேன், போ” என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிவிட்டேன்.

குறைக்கவும் செய்தோம். அந்தப் பக்கத்து ஜன்னலை பிளைவுட் வைத்து அடைத்தோம். சுவரில் தெர்மாகோல் ஒட்டினோம். அதன் மேல் பஞ்சு ஷீட் ஒட்டினோம். உள்ளே வேலை செய்கிறவர்கள் காற்றில்லாமல் வேர்த்து வழிந்தார்கள். தெருவில் நின்று கேட்டால் மெஷின் ஓடுகிறதா என்பதே தெரியாது. அதற்குப் பிறகும் அந்த அம்மா வந்தார். மறுபடி அதே பேச்சு, அதே குரல். “இன்னும் அப்படியேதான் இருக்கு.” எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை செய்த பிறகும் குறை சொல்கிறார் என்றால் இது வேண்டுமென்றே செய்கிற வம்பு என்று முடிவு கட்டிவிட்டேன்.

புரட்டாசியில் ஒரு நாள், வெளியூரிலிருந்து ஒருவர் பெரிய ஆர்டர் பேச வந்திருந்தார். அவருக்கு மாதிரிப் பெட்டிகளைக் காட்டிக்கொண்டிருந்தோம். அந்த அம்மா நசுங்கின தூக்குவாளி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, அதாலேயே எங்கள் கேட்டை ஒரு தடவை தட்டினார். அலமாரியில் இருந்த வாளி மெஷின் ஓடும்போது தானாக நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்துவிட்டதாம். வந்தவர் முன்னால் எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது.

“தொழில் நடக்குற எடத்துல வந்து கத்துற வேலைய வச்சுக்கிறாத. ஒனக்கு வேற சோலி இல்லையா?” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாளியோடு திரும்பிப் போய்விட்டார். அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்த அம்மா மகளை வைத்து மனு எழுதிக் கொடுத்திருந்தார். சீசன் உச்சத்தில் மூன்று நாள் மெஷினை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அந்த மூன்று நாளும் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் ஆளைக் கூப்பிட்டு, எங்கள் பின்கட்டுக்கும் அவர் முற்றத்துக்கும் நடுவே இருந்த குட்டைச் சுவரின் மேல் தகர ஷீட்டை உயரமாக அடித்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் அடித்தேன். அதனால் அவர் அடுப்படிக்கு வந்துகொண்டிருந்த காற்றும் வெளிச்சமும் போகும் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பின் பஞ்சாயத்துப் பேச இரண்டு பேர் முன்வந்தார்கள். முதலில் எங்கள் பக்கம் ஒரு பெரிய அச்சக முதலாளி. என் கணவருக்குத் தூரத்துச் சொந்தம். அவர் ஆபீசில் பேச வரச் சொன்னார். நான் போனதும், “வாம்மா, உக்காரு” என்று நாற்காலியைக் காட்டினார். அந்த அம்மா வந்தபோது அவர் போனில் இருந்தார். பேசி முடிக்கும்வரை அந்த அம்மா கதவோரம் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. போனை வைத்துவிட்டு, “என்னம்மா ஒன் பிரச்சினை?” என்று அவர் கேட்டதும், “இங்கன எனக்குப் பேச ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா திரும்பிப் போய்விட்டார். “பாத்தீகளா, இதுதான் அவ கொணம்” என்றேன் நான்.

அடுத்தது அந்த அம்மா பக்கத்து ஆள். தொழிலாளிகளுக்காகப் பேசுகிறவர். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் கணவர் காபி கொடுத்தார், ஆனால் பேசச் சம்மதிக்கவில்லை. “நீங்க அவுக ஆளு. ஒங்க பேச்சு எப்படி எங்களுக்குச் சரிப்படும்?” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அச்சக முதலாளியை அந்த அம்மா மறுத்ததும் இதே காரணத்துக்காகத்தான் என்பது அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

கடைசியில் இரண்டு பக்கமும் மனு கொடுத்து, விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரை போயிற்று. அங்கே இருந்த பெண் அதிகாரி இரண்டு மனுவையும் படித்துவிட்டு, “இதுக்கெல்லாம் கேஸ் போட்டா ரெண்டு பேரும் வருஷக்கணக்கா அலைவீங்க. சமரச மையம்னு ஒண்ணு இருக்கு. அங்க போய்ப் பேசிப் பாருங்க” என்றார். எங்கள் ஊரில் பேச அந்த அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. இங்கே யாரைப் போட்டாலும் எங்களுக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்றார். அதனால் விருதுநகரில் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை. நானும் போனேன், அவரும் வந்தார், ஒரே பஸ்ஸில். நான் முன்பக்கம், அவர் பின்பக்கம். என் கணவர் வரவில்லை. “நீ ஆரம்பிச்சது, நீயே பேசி முடி” என்று சொல்லிவிட்டார்.

கோர்ட்டு வளாகத்தில் ஒரு சின்ன அறை. மேடை, கூண்டு என்று எதையோ எதிர்பார்த்துப் போன எனக்கு ஒரு வட்ட மேஜையும் நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் மட்டுமே இருந்தது ஏமாற்றமாக இருந்தது. எங்களுக்குச் சமரசம் பேச வந்தவர் ஒரு பெண் வக்கீல். நாற்பது வயதிருக்கும். மல்லாங்கிணறு பக்கத்துக்காரர். அப்பா கம்பும் பருத்தியும் போடுகிற மானாவாரி விவசாயி என்று பேச்சுவாக்கில் சொன்னார். ஒரு நோட்டும் சீவின பென்சில் ஒன்றும் வைத்திருந்தார்.

“எனக்கு உங்க ஊர்ல யாரையும் தெரியாது. தீபாவளிக்கு வெடி வாங்க வர்றதோட சரி. நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல. யார் சரி, யார் தப்புன்னும் சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் பேசி, உங்களுக்குச் சரின்னு பட்டா கையெழுத்துப் போடுங்க. பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போயிடலாம். இந்த ரூம்ல பேசுறது இந்த ரூமை விட்டு வெளிய போகாது” என்றார்.

பிறகு பேரும் வயதும் கேட்டார். அந்த அம்மா தன் வயதைச் சொன்னபோதுதான் அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பது எனக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் நான் அவரை ‘நீ’, ‘போ’ என்றுதான் பேசியிருக்கிறேன். வக்கீல் எங்கள் இரண்டு பேரையும் ‘நீங்க’ என்றார். அவருக்கு ஒரு ‘நீங்க’, எனக்கு ஒரு ‘நீங்க’. அவ்வளவுதான். அதுவே எனக்குப் புது அனுபவமாக இருந்தது.

முதலில் என்னைப் பேசச் சொன்னார். ஜன்னல் அடைத்தது, தெர்மாகோல், பஞ்சு ஷீட், நகராட்சி மனு, மூன்று நாள் மெஷின் நின்றது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். முடித்ததும், நான் சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, “நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?” என்று கேட்டார். என் பேச்சிலிருந்த கோபம் அவர் சொல்லும்போது இல்லை. விஷயம் மட்டும் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தபோது, இவ்வளவுதானா என் குறை என்று எனக்கே சின்னதாகத் தெரிந்தது.

அடுத்து அந்த அம்மா. அவர் அதிகம் பேசவில்லை. “மெஷின் ஓடுனா என்னால படுக்க முடியல. அங்கன போயி சொன்னா மதிக்க மாட்டேங்காக. அம்புட்டுத்தான்” என்றார். அந்தச் சின்ன அறைக்கு அவர் குரல் மிகவும் பெரிதாக இருந்தது.

வக்கீல் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டே, “எத்தனை மணிக்குப் படுப்பீங்க?” என்று கேட்டார். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விடவில்லை. “பாருங்க மேடம். இதுதான். கேட்டா பதிலே சொல்ல மாட்டாக. தெருவுல கூப்பிட்டாலும் இப்படித்தான்.”

வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகப் பார்த்து, அதே கேள்வியை அதே குரலில் இன்னொரு முறை கேட்டார். “எத்தனை மணிக்குப் படுப்பீங்க?”

“வேலைக்குப் போயிட்டு வந்ததும் படுத்துருவேன். அஞ்சு மணிக்கு. நாளெல்லாம் ஒக்காந்தே வேலை பாக்கோம்ல, முதுகு விட்டுப்போயிரும். தரையில ஒரு மணி நேரம் கிடந்தாத்தான் சோறு பொங்க முடியும்” என்று அந்த அம்மா உடனே சொன்னார்.

வக்கீல் பென்சிலைக் கீழே வைத்தார். என்னிடம், “நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா? அவங்ககிட்டத் தனியாப் பேசணும். தேவைப்பட்டா உங்ககிட்டயும் தனியாப் பேசுவேன்” என்றார்.

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. எதிரே ஒருவர் முத்திரைத்தாளை விசிறியாக்கி விசிறிக்கொண்டிருந்தார். உள்ளே என்னைப் பற்றி என்னென்ன சொல்கிறாரோ என்ற நினைப்பில் எனக்கு உட்காரவே முடியவில்லை. இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கதவு திறந்தது. வக்கீல் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“அவங்க உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னாங்க. என்கிட்டத் தனியாச் சொன்னதை நான் சொல்லக்கூடாது. அவங்களே சொல்றாங்க. இது இங்கயே இருக்கணும். சம்மதமா?”

சம்மதம் என்றேன்.

அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். “எனக்குக் காது கேக்காது. எடது காது சுத்தமா இல்ல. வலது காதுல பக்கத்துல நின்னு பேசுனா கொஞ்சம் வரும். மூஞ்சியப் பாத்தா வாய் அசையறத வச்சுப் புரிஞ்சுக்கிருவேன். எட்டு வருசமா இப்படித்தான். கம்பெனியில தெரிஞ்சா வேலைக்கு வேண்டாம்னுருவாக. அதான் யாருட்டயும் சொல்றதில்ல. மகளுக்கு மட்டும் தெரியும்.”

மாடியிலிருந்து அவர் முதுகைப் பார்த்துக் கூப்பிட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

“அப்ப மெஷின் சத்தம்?” என்று அவர் என் பக்கம் திரும்பியதும் கேட்டேன்.

“சத்தம் எங்க கேட்டுச்சு எனக்கு? நான் சத்தம்னு சொன்னேனா? அதிருதும்மா. தரையில படுத்தா முதுகுல வந்து இடிக்கி. தலையத் தூக்கித் தூக்கிப் போடுது. பாத்திரமெல்லாம் நகந்து வருது. நீங்க என்னமோ ஜன்னல அடைக்கீக, பஞ்ச ஒட்டுறீக. நான் சொல்றதக் கேக்காம என்னைய வச்சு வெளையாடுறீகன்னு நெனச்சேன்.”

அவர் மூன்று தடவை வந்து சொன்னதையும் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். ஒரு தடவைகூட அவர் சத்தம் என்று சொல்லவில்லை. மெஷின் என்றார், முடியவில்லை என்றார். சத்தம் என்று சொன்னது நான். பிறகு அந்தச் சத்தத்தைக் குறைக்க ஏழு மாதமாகப் பாடுபட்டதும் நான்.

வக்கீல் என்னைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டார். “நீங்க அவங்க வீட்டுக்குள்ள போயிருக்கீங்களா?”

இல்லை என்றேன்.

“அடுத்த தடவை வர்றதுக்குள்ள ஒரு நாள் மெஷின் ஓடும்போது போய் அந்தத் தரையில உக்காந்து பாருங்க. அவங்களுக்குச் சரின்னா.”

அந்த அம்மா, “வரட்டும். எனக்கென்ன?” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பஸ் விருதுநகரைத் தாண்டிய பிறகு தைரியம் வந்து, “அக்கா” என்று கூப்பிட்டேன். அவர் முன்னால் பார்த்தபடியே இருந்தார். நான் உட்கார்ந்திருந்தது அவருடைய இடது பக்கம். எழுந்து, நடுவில் நின்றிருந்தவரை நகரச் சொல்லி, அவரை ஜன்னலிலிருந்து இந்தப் பக்கம் வரவைத்து, நான் ஜன்னலோரம் மாறி உட்கார்ந்தேன். என்ன இந்தப் பொம்பளை இந்தப் பாடு படுகிறது என்று பஸ்ஸே பார்த்தது. மறுபடி, “அக்கா” என்றேன்.

“சொல்லுங்க” என்றார்.

“கம்பெனியில ஏதாவது ஒண்ணுன்னா ஒங்களுக்கு எப்படித் தெரியும்? ஓடுங்கன்னு கத்துனா கேக்காதே.”

“ஆளுக ஓடுறதப் பாத்தா நானும் ஓடுவேன்” என்றார் சாதாரணமாக.

கம்பெனியில் யாராவது சொல்லியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் யாரிடமும் சொல்வதில்லை என்று அந்த அறையில் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். ஆமத்தூர் வந்ததும் மகளைப் பார்க்க வேண்டும் என்று இறங்கிவிட்டார். இறங்குவதற்கு முன், “நீங்களும் நெறையச் செஞ்சிருக்கீக போல. எனக்குத் தெரியல” என்று மட்டும் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். குடிவந்த நாலரை வருடத்தில் முதல் தடவை எங்கள் கேட்டிலிருந்து பத்தடி எடுத்து வைத்து அந்த வாசலில் நின்றேன். ஒரே அறை, பின்னால் அடுப்படி. தரை சிமென்ட் தரை. துடைத்துத் துடைத்து வழவழவென்று இருந்தது. அடுப்படி பகலிலேயே இருட்டாக இருந்தது. என் தகர ஷீட் அப்படி மறைத்திருந்தது. அவர் விளக்கைப் போட்டுவிட்டுக் காபி வைத்தார்.

அஞ்சு மணிக்கு அவர் வழக்கம்போல் படுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தேன். அந்தப் பக்கம் என் கணவர் மெஷினை ஓடவிட்டார். காதுக்கு ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. நாங்கள் ஒட்டின பஞ்சு நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் தரைக்கடியிலிருந்து யாரோ குத்துகிற மாதிரி கைக்குள் வந்து ஏறியது. நானும் படுத்துப் பார்த்தேன். பல் ஒன்றோடொன்று தட்டியது. நாலு நிமிடத்துக்கு மேல் என்னால் கிடக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

“ஏழு மாசம்” என்றார்.

“தப்புத்தான்க்கா” என்றேன். முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

மறுநாளே மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் வந்து பார்த்துவிட்டு, “சொவத்துக்கும் தரைக்கும் ஒரே கான்கிரீட்டு. அதுல போல்ட் போட்டு இறுக்கியிருக்கீக. பின்ன அங்கன அதிராம என்ன செய்யும்? இதை மொதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பனே” என்றார். கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தது சத்தம் ஒன்றுதான்.

மாசியில் இரண்டாவது தடவை விருதுநகர் போனோம். இந்த முறை ஒரே சீட்டில், அவர் எனக்கு இடது பக்கம் இருக்கும்படி பார்த்து உட்கார்ந்துகொண்டேன். பேச அதிகம் இருக்கவில்லை. மெஷினை எதிர்ச்சுவர்ப் பக்கம் மாற்றுவது, அடியில் கனமான ரப்பர் ஷீட் போடுவது, மெஷின் நிற்கிற தரையைச் சுற்றி வெட்டிப் பிரித்துவிடுவது, சாயங்காலம் அஞ்சிலிருந்து ஆறு வரை பஞ்சிங் இல்லை, தகர ஷீட்டை எடுத்துவிடுவது. இவை எங்கள் பக்கம். நகராட்சி மனுவைத் திரும்பப் பெறுவது, ஏதாவது குறை என்றால் முதலில் எங்களிடம் வருவது அவர் பக்கம்.

அஞ்சிலிருந்து ஆறு வரை நிறுத்துவதில் மட்டும் கொஞ்சம் இழுபறி. சீசன் நேரத்தில் லோடு ஏற்ற ஆறு மணிக்கு வண்டி வந்து நிற்கும் என்றேன். வக்கீல் அவரைப் பார்த்தார். அந்த அம்மா யோசித்துவிட்டு, “சீசன் அப்ப எங்களுக்கும் வேலை கூடத்தான இருக்கும், நானே லேட்டாத்தான் வருவேன். அந்த ரெண்டு மாசம் ஓட்டிக்கிடட்டும். அதிராம இருந்தாச் சரி” என்றார். நான் வற்புறுத்தாமலே விட்டுக்கொடுத்தார். எனக்கு இன்னும் அதற்கு என்ன பதில் மரியாதை செய்வதென்று தெரியவில்லை.

கடைசியில் அவர், “என்னையக் கூப்புடணும்னா முன்னால வந்து நின்னு கூப்புடச் சொல்லுங்க” என்றார். வக்கீல், “இதைப் பேப்பர்ல போட வேண்டாம். எழுதுனா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் மனசுல வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு, எழுதினதை முழுக்க அந்த அம்மாவுக்கு நேராக உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். நன்றி சொன்னதற்கு, “நான் என்னங்க செஞ்சேன்? நீங்கதான் பேசுனீங்க” என்றார். அடுத்தவர்கள் வெளியே காத்திருந்தார்கள். அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியால் தூக்கி மெஷினை நகர்த்த ஒரு நாள் முழுக்க ஆயிற்று. அன்றைக்கு அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பார்த்தார். வேலை முடிந்து ஓட்டிப் பார்க்கும்போது தன் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். என் கணவர் ஓட்டினார், நான் நடுவில் ஓடி ஓடிச் சேதி சொன்னேன். “இன்னும் கொஞ்சம் வருது” என்றார் முதலில். மெக்கானிக் இன்னொரு ரப்பர் ஷீட்டைச் சொருகினார். மறுபடி போனபோது அவர் கண்ணை மூடிக்கிடந்தார். தோளைத் தொட்டேன். “ஓட்டுறாகளா?” என்று கேட்டார்.

காது விஷயத்தில் நான் அவரை நச்சரித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்று மாதம் கழித்து மகளும் நானுமாக அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். வலது காதுக்கு மெஷின் வைத்தால் கேட்கும் என்றார்கள். அதை வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போகப் பயந்தார். முடியை இறக்கிவிட்டு மறைக்கலாமா என்று யோசித்தார். கடைசியில் துணிந்து போர்மேனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

“எனக்குத் தெரியுமேக்கா. ஒங்க ரூம்ல எல்லாருக்கும் தெரியும். அதான் ஒங்க பக்கத்துல எப்பவும் ஒருத்தர உக்கார வச்சிருக்கோம். ஏதாச்சும்னா கையப் பிடிச்சு இழுக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன்” என்றாராம் அந்தப் போர்மேன். எட்டு வருடமாக இவர் மறைத்ததும், அவர்கள் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்ததும் இரண்டும் நடந்திருக்கின்றன. அக்கா இதை வந்து சொன்னபோது அழுதாரா சிரித்தாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த மாதமே அவரை லேபிள் ஒட்டுகிற ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அது வெளிப்பக்கம், காற்றோட்டமான இடம்.

காதில் மெஷின் வைத்த முதல் வாரம் சாயங்காலம் எங்கள் கேட்டில் வந்து நின்றார். இந்த முறை குரல் மெதுவாக இருந்தது.

“ஏம்மா, இம்புட்டுச் சத்தமாவா இத்தன நாளும் ஓட்டிக்கிட்டு இருந்தீக?”

என் கணவர் உள்ளேயிருந்து சிரித்துவிட்டார். ஜன்னல் பிளைவுட்டையும் பஞ்சையும், ஆட்களுக்குக் காற்று வரட்டும் என்று அக்கா சொல்லித்தான் எடுத்துப் போட்டிருந்தோம். மறுபடி ஒட்டித் தருகிறோம் என்றேன். வேண்டாம் என்றார். படுக்கும்போது கழற்றி வைத்துவிடுகிறாராம். தேவையில்லாத பேச்சு பேசுகிறவர்கள் வந்தாலும் கழற்றி வைத்துவிடுகிறாராம்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டையே வரவில்லை என்று சொன்னால் பொய். போன ஐப்பசி மழையில் எங்கள் மாடித் தண்ணீர் அவர் முற்றத்தில் கொட்டியது. அவர் வளர்க்கிற கோழி அச்சடித்துக் காயவைத்த அட்டையின் மேல் ஏறி நடந்து ஒரு கட்டு வீணாயிற்று. இரண்டுக்கும் வாசலில் நின்றே பேசினோம். குழாயைத் திருப்பிவிட்டோம். கோழிக்குக் கூடை வாங்கிக் கவிழ்த்தார். பேசி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். அந்த அறையில் பேசினது வெளியே போகக்கூடாது என்று இருக்கிறதே என்றேன். “இப்ப எல்லாருக்கும்தான தெரியும். பேரு போடாம எழுதுங்க” என்றார். எழுதினதை எதிரே உட்கார்ந்து படித்துக் காட்டினேன். தூக்குவாளியைப் பற்றி எழுதின இடத்தில் நிறுத்தச் சொல்லி, கேட்டைத் தட்டியது ஒரு தடவை இல்லை, மூன்று தடவை என்று திருத்தினார். மற்றதெல்லாம் சரி என்றார்.